ஓட்டோடு வறுத்த காப்பி

காப்பிக்கொட்டை வறுக்க ஒரு இயந்திரம் வாங்கியே தீருவது என்று நான் கிளம்பியதற்கு என் வாய்தான் காரணம். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. என் வீட்டுக்காரர் மட்டுமல்ல, காலையில் என்னைக் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸின் கண்டக்டரும் இதைச் சொல்வார்.

நான் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் அந்த ஊர்க்காரர். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் சமையல்கூடத்து வாசலில் உட்கார்ந்து ஊர் வம்பை ஒரு பிடி பிடிப்போம். அக்கா வீட்டுக்குப் பின்னால், பலாமரத்து நிழலில், கொஞ்சம் காப்பிச் செடி உண்டு. மாற்றல் ஆகி நான் மலைக்கு வந்த முதல் வருஷம், கோடை மழைக்குப் பிறகு அது பூத்திருந்தது. இலை தெரியவில்லை, அத்தனை வெள்ளை. மாற்றல் போட்டவர்கள் மேல் இருந்த கோபத்தில் எதிரில் வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்த நான், அன்றைக்கு சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். அன்றிலிருந்து அந்தச் செடிகள் மேல் எனக்கு ஆசை.

இந்த வருஷம் அக்கா ஒரு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். வியாபாரி கொட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இந்த மலைக் கொட்டையில் ருசி இல்லையாம். அக்காவின் வீட்டுக்காரர் செடிகளை வெட்டிவிட்டு மரவள்ளி நடப் போகிறார். கோடை மழை விழுந்ததும் குச்சி ஊன்ற வேண்டும், அரிவாள்கூடத் தீட்டியாயிற்று என்றார்.

ருசி இல்லை என்கிறார்களே, நீங்கள் குடித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அக்கா சிரித்தார். அவர்கள் வீட்டில் குடிப்பது கடையில் வாங்கும் பாக்கெட் தூள். வீட்டுக்குப் பின்னால் காய்க்கிற காப்பியை அவர் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. பழத்தைப் பறிப்பார்கள், தோலோடு காயவைப்பார்கள், மூட்டை கட்டி வியாபாரிக்குப் போடுவார்கள். அத்தோடு சரி.

என் வாய் முந்திக்கொண்டது. ஒரு பை கொட்டை கொடுங்கள், நான் வறுத்துக் காப்பி போட்டுத் தருகிறேன், குடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள் என்றேன். பரீட்சை முடிந்து சாமான் வாங்க அக்கா கள்ளக்குறிச்சிக்கு வரும்போது எங்கள் வீட்டில் காப்பி என்று பேச்சு. அவர் வீட்டுக்காரரும் அதுவரை பொறுப்பதாகச் சொன்னாராம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் எனக்காக இவ்வளவு பொறுத்ததில்லை.

என் வீட்டுக்காரர் ரிஷிவந்தியம் பக்கத்து மல்லாட்டை விவசாயி. வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். அவர் உலகத்தில் எதையுமே மல்லாட்டையை வைத்துத்தான் அளப்பார். பையைப் பிரித்து, கறுப்பாய்ச் சுருங்கிக் கிடந்த கொட்டையை எடுத்துக் காதருகே ஆட்டினார். உள்ளே பருப்பு லொடலொட என்றது. நல்ல காய்ச்சல் என்று சான்று கொடுத்தார்.

புது மிக்சி விலைக்கு மேல் ஒரு பைசா போகக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க போனைப் பார்த்தோம். கண்ணாடி ஜன்னலும் விளக்கும் வைத்த ஒரு இயந்திரம் இருந்தது. அழகு என்றால் அழகு. விலையைப் பார்த்த என் வீட்டுக்காரர், இதில் ஏறி ரிஷிவந்தியம் போய்வர முடியுமா என்று கேட்டார். இன்னொன்றின் கீழே ஒரு புண்ணியவான் 'மிக நல்ல பொருள், இன்னும் பிரிக்கவில்லை' என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். வறுக்கிற வீடியோக்களும் பார்த்தோம். அதிலெல்லாம் கொட்டை வெளுத்த பச்சையாக இருந்தது, எங்களுடையது கறுப்பு. அது வேறு ஜாதி, மலைக்கொட்டை கறுப்பாகத்தான் இருக்கும் என்று அவர் தீர்ப்பு சொன்னார். நானும் தலையாட்டினேன்.

காசில்லாமல் முடியுமா என்று முதலில் பார்த்தோம். திருக்கோவிலூரில் இருக்கும் என் தம்பி வீட்டில் ஒரு பாப்கார்ன் மிஷின் சும்மா கிடந்தது. வாங்கி வந்து கொட்டையைப் போட்டோம். சோளம் துள்ளுமே, அப்படித் துள்ளும் என்று எதிர்பார்த்தால், அது அடியில் உட்கார்ந்துகொண்டு புகைந்தது. புகை ஜன்னல் வழியாகப் போய்ப் பக்கத்து வீட்டில் துணி காயப்போட்ட அம்மாவை வாசலுக்கு வரவழைத்தது. மிஷின் சரியில்லை என்று துடைத்துத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அடுத்தது, அடுப்பின் மேல் வைத்துக் கையால் சுற்றும் ஒரு உருளை. மிக்சி விலைக்குள் அடங்கியது. அவர் சுற்றினார், நான் சுற்றினேன், கை ஓய்ந்ததுதான் மிச்சம். ஓடு கரியாகிவிட்டது. மல்லாட்டையை உரிப்பது போல நசுக்கி உரித்தோம். பத்து விரலும் கறுப்பு, உள்ளே இருந்த பருப்பு பாதி பச்சை. அதையும் விடாமல் அரைத்துக் காப்பி போட்டேன். வைக்கோல் போர் பற்றி எரிந்து அணைந்த இடத்தில் நின்று பால் குடித்த மாதிரி இருந்தது. இந்த மிஷினும் மோசம் என்று பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினோம். பணம் வந்துவிட்டது. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக இரண்டு பேருக்கும் நினைப்பு.

அதற்குள் பரீட்சை முடிய வந்துவிட்டது. மேற்கே மலைமேல் சாயங்காலம் சாயங்காலம் மேகம் கட்டியது. மழையைப் பார்த்தால் சந்தோஷப்படுகிற ஆள் நான், அந்த வாரம் மட்டும் மேகத்தைப் பார்த்தால் திட்டினேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"மிஷின் மேல தப்பு இல்ல. கொட்டையே முத்தல. ஏவாரி சொன்னதுதான் சரி. நீ பெரிய இவளாட்டம் வாய் குடுத்துட்டு வந்துட்டே."

அவர் வியாபாரி பக்கம் சாய்ந்ததை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு பிடி கொட்டையை அள்ளி உரலில் போட்டு, அவரைக் குத்த முடியாத குறைக்கு அதைக் குத்தினேன். ஓடு தெறித்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் முகத்தோடு முகம் ஒட்டி இரண்டு பருப்பு. ஊதினேன். வெளுத்த பச்சை. போனை எடுத்துப் பழைய வீடியோவைப் போட்டுப் பருப்பைப் பக்கத்தில் வைத்தேன். அதுவேதான்.

போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். மல்லாட்டையை ஓட்டோடு வறுத்து அப்புறம் உரிக்கிற ஊரில் வாழ்கிற நாங்கள், காப்பியையும் ஓட்டோடு வறுத்து, இரண்டு மிஷின் மேல் பழி போட்டு, கடைசியில் மலை மேலேயே பழி போடப் பார்த்திருக்கிறோம். வீடியோக்காரர்கள் எல்லோரும் ஓட்டை எடுத்துவிட்ட கொட்டையைத்தான் வறுத்திருக்கிறார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஒடச்சிட்டு வறுக்கணும்னு ஒருத்தனும் சொல்லலியே."

சொல்லவில்லைதான். மல்லாட்டை ஊரிலிருந்து இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

இப்போது கொட்டை தயார், மிஷின்தான் இல்லை. திரும்ப ஆர்டர் போட்டால் அக்கா வந்து போன பிறகுதான் வரும். மிச்சம் இருந்தது சந்தையில் வாங்கிய இரும்புச் சட்டி, நாங்கள் மல்லாட்டை வறுப்பது. அதிலும் ஒரு சண்டை. மணல் போட்டு வறுத்தால்தான் சூடு சமமாகப் பிடிக்கும் என்று, வீடு கட்டி மிச்சமிருந்த மணலைச் சலித்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அக்கா வாயில் மணல் நறநறத்தால் செடியோடு சேர்த்து என்னையும் வெட்டிவிடுவார் என்று சொல்லி அந்த மணலை வாசலில் கொட்டவைத்தேன்.

ஆனால் மற்றதெல்லாம் அவர் கைதான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நொறுங்காமல் குத்தினார், முறத்தில் புடைத்தார், சட்டியைக் காயவைத்துக் கட்டைக் கரண்டியால் கை ஓயாமல் கிளறினார். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பானது. அப்புறம் பட், பட் என்று வெடித்தது. மல்லாட்டை போலவே வெடிக்குது பார் என்று அவருக்கு அப்படி ஒரு பெருமை. வாசனை எழுந்தபோது நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன். பக்கத்து வீட்டு அம்மா இந்த முறையும் வந்தார், கையில் டம்ளரோடு.

சனிக்கிழமை அக்கா வந்தார். கட்டைப் பையை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மலையில் முதல் மழை நேற்றே விழுந்துவிட்டது, அவர் வீட்டுக்காரர் காலையிலேயே மரவள்ளிக் குச்சி பார்க்கக் கிளம்பிவிட்டார் என்றார். டிகாஷனைப் பாலில் கலந்து ஆற்றிக் கொடுத்தேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கொடுத்ததில் டபராவில் கொஞ்சம் சிந்தியது.

அக்கா ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"கசக்குது டீச்சர்," என்றார்.

டப்பாவைத் திறந்துகொண்டே சர்க்கரை போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் டம்ளரைக் கவிழ்த்துக் குடித்தார். டபராவில் சிந்தியதையும் குடித்தார்.

"இதுவா எங்க வூட்டுக் கொட்டை?"

"உங்க வூட்டுக் கொட்டைதான்க்கா."

"இன்னா மிஷின் வாங்கினீங்க? ஜாஸ்தி வெலை ஆயிருக்குமே."

என் வீட்டுக்காரர் உள்ளே போய், கரிபிடித்த இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். சாமி புறப்பாடு மாதிரிதான் வந்தார். அக்கா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். உள்ளே விரலால் தடவி மோந்து பார்த்தார்.

"இது எங்க வூட்லயும் கீதே," என்றார்.

அப்புறம் சட்டியை மடியில் வைத்துக்கொண்டே போனை எடுத்துத் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். குச்சி இருக்கிற இடத்தில் நின்றிருப்பார் போல, சத்தம் இரைச்சலாகக் கேட்டது. அக்கா எழுந்து நின்று, எங்கள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"குச்சி வாணாம், வூட்டுக்கு வந்துடு. அருவாள கூரை எரவாணத்துல சொருவிட்டு ஒரல கழுவி வையி, நான் வந்துக்கினு இருக்கேன்."