மணிக்கட்டில் வைத்த பொட்டு

பேய், பிசாசு என்றால் முத்துச்செல்விக்குச் சிரிப்புதான் வரும். சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் பிழைக்க வந்து, சேரப்பணஞ்சேரியில் வாடகை அறையில் காலம் தள்ளுகிறவளுக்குப் பயப்பட நேரம் ஏது? அவளே ஓர் இயந்திரக் கையைக் கண்டு நடுங்கினாள் என்றால் சும்மாவா!

முதுகெலும்பு ஆபரேஷனில் எலும்பைத் துளைக்கும் ரோபோ கை அது. அதைச் சோதிப்பதுதான் அவள் வேலை. கறிக்கடையில் வாங்கிய ஆட்டு முதுகெலும்புக்கு அடியில், நரம்புக்குப் பதிலாகச் சிவப்புத் தண்ணீர் நிறைத்த ரப்பர் குழாயை வைப்பாள். எலும்பு முடிகிற இடத்தில் கை தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மனுஷனுக்குக் கால் விளங்காது.

அவள் புருஷன் மாரிசெல்வம் லோடு ஏற்றும்போது விழுந்து, முதுகு உடைந்து படுத்துக் கிடந்தான். அவனுக்கு ஆபரேஷன் செய்யப்போகும் ஆஸ்பத்திரிக்கே இந்தக் கை போகிறது என்று தெரிந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆயுத பூஜையன்று இதற்கு மட்டும் மணிக்கட்டில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, "எங்க வீட்டு ஆளப் பத்திரமா பாத்துக்கிடு" என்று வேண்டிக்கொண்டாள்.

விடுமுறை முடிந்து சோதனை. கை இறங்கியது. எலும்பு முடிந்தும் நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், உள்ளே எதையோ தேடுவதுபோல் போய்க்கொண்டே இருந்தது. சிவப்புத் தண்ணீர் பீறிட்டு அவள் முழங்கை வரை தெறித்தது. குழாயை மாற்றினார்கள். மறுபடியும் அதே கதைதான்.

"இன்னாமா இது? ஆட்டோட பாவம் புட்ச்சிகினு கீதா?" என்றார் சூப்பர்வைசர் பச்சையப்பன்.

"சும்மா இருங்க சார்" என்று அதட்டிய இன்ஜினியர் ஸ்ரீமதி, மணிக்கட்டில் டார்ச் அடித்துப் பார்த்தாள். எலும்பின் அழுத்தத்தை உணரும் வளையத்தில் மயிரிழை இடுக்கு ஒன்று உண்டு. சந்தனம் அதற்குள் இறங்கி இறுகியிருந்தது. "அதான், எலும்பு முடிஞ்சது இதுக்குத் தெரியல. பொட்டைத் துடைச்சிடுங்க. இடுக்கை நான் பாத்துக்கறேன்."

யாரும் அசையவில்லை. பூஜைப் பொட்டு தானாக உதிர வேண்டும்; யாரும் அழிக்க மாட்டார்கள். அதிலும், படுத்துக் கிடக்கும் புருஷனுக்காக வைத்த குங்குமத்தை, கட்டினவளே தன் கையால் அழிப்பதா? "நீ வேணாம்மா" என்ற பச்சையப்பனுக்கும் கை எழவில்லை.

முத்துச்செல்வி முன்னால் வந்தாள். "வச்சவ நான்தான" என்று ஸ்பிரிட் துணியை வாங்கி அழுத்தித் துடைத்தாள். துணி சிவந்தது. இடுக்கைச் சுத்தம் செய்ததும், கை எலும்போடு டக்கென்று நின்றது. அந்த இடுக்கை மூட, எல்லாக் கைகளுக்கும் ரப்பர் உறை போடச் சொன்னாள் ஸ்ரீமதி.

ஆபரேஷன் அன்று மாமியார் கோமதியம்மாள், மகன் முதுகில் பூசச் சங்கரன்கோவில் புற்றுமண் பிரசாதம் கொண்டுவந்தாள். "வேண்டாம் அத்த, எங்கிட்ட இருக்கட்டும்" என்று வாங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள் முத்துச்செல்வி. நகக்கண்ணில் அந்தக் குங்குமம் இன்னும் போகவில்லை. சாயங்காலம் மாரிசெல்வம் கால் பெருவிரலை அசைத்துக் காட்டிய பிறகுதான் கையைப் பிரித்தாள்.