மசக்கைக்காரி கேட்ட ரயில்

மேட்டூர் அணை கட்டி முடித்த புதிது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புதுச்சத்திரம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த நான் சேலத்தை முதன்முதலாகப் பார்த்தது அந்தச் சித்திரை மாதத்தில்தான். இன்றைக்குப் பிள்ளைகள் காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எங்களுக்கு அப்போது சேலம் என்றால் சீமைக்குப் போகிற மாதிரி. போன காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

என் வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கத்து வழக்கப்படி நங்கை என்று கூப்பிடுவேன். பல வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி, அப்போதுதான் முதல்முறையாக அவர் உண்டாகியிருந்தார். அம்மா வீட்டில் வந்து தங்கியிருந்தார். மற்ற பெண்கள் மசக்கையில் புளியங்காய் கேட்பார்கள், சாம்பல் கேட்பார்கள். எங்கள் நங்கை கேட்டது என்ன தெரியுமா?

"எனக்கு ரயிலைப் பாக்கோணும்."

எங்கள் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "திங்கற ஆசையா இருந்தா ஆக்கிப் போட்டுருவேன். ரயிலை எங்கடி கொண்டாந்து நிறுத்தட்டும்?" என்றார். நாமக்கல் பக்கம் ஏது ரயில்? ஆனால் மசக்கைக்காரியின் ஆசையைத் தட்டினால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் ஊரில் எல்லாரும் நம்புகிற விஷயம். இரண்டு நாள் முனகிவிட்டு மாமியார் ஒத்துக்கொண்டார். துணைக்கு என் வீட்டுக்காரர். நங்கையைப் பார்த்துக்கொள்ள நான். எனக்கும் உள்ளுக்குள் குதியாட்டம்தான், வெளியே காட்டவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வண்டிக்காரர் இருந்தார். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு நிலக்கடலை ஏற்றிப் போய்வருகிறவர். சேலத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயர். அவர் எங்களை உட்கார வைத்துப் புத்திமதி சொன்னார். கடைக்காரன் சொல்வதில் பாதியில் இருந்து கேட்க வேண்டும். மச்சு வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: "டவுனுல எவளாச்சும் பக்கத்துல வந்தா, மொதல்ல தாலியப் புடிச்சுக்கோணும் சாமி. அங்க மனுசர நம்பப்படாது."

மாமியாருக்கு இது போதவில்லை. திருச்செங்கோட்டுத் தேர்க் கூட்டத்தில் பிரிந்துவிடாமல் இருக்க, பெண்கள் முந்தானையோடு முந்தானை முடிந்துகொள்வது எங்கள் வழக்கம். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் முந்தானையையும் நங்கை முந்தானையையும் சேர்த்து இழுத்து, பல்லைக் கடித்து ஒரு முடிச்சுப் போட்டார் பாருங்கள், அப்பாடி! "திரும்பி வந்தா நான்தான் அவுப்பேன். என்ற மகளையும் வயித்துப் புள்ளையையும் உன்ற கையில உடறேன்" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது.

இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி சேலத்தில் இறங்கினோம். நங்கை வாயை மூடவே இல்லை. அதென்ன, இதென்ன, அந்தக் கம்பத்துல கம்பி எதுக்கு, அந்தப் பொம்பள ஏன் செருப்புப் போட்டிருக்கா என்று கேள்வி மேல் கேள்வி. எனக்கு மட்டும் என்ன தெரியும்? தெரிந்த மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரு பதில் சொல்லிவைத்தேன். என் வீட்டுக்காரர் முன்னால் நடந்துகொண்டே சிரித்தார்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கடை வரிசையைப் பார்த்ததும் கால் நகரவில்லை. கொலுசும் அரைஞாணும் கண்ணைப் பறித்தன. குழந்தைக் காப்பு ஒன்றை நங்கை பார்த்துக்கொண்டே நின்றார், தொடவில்லை. பிறப்பதற்கு முன்னால் வாங்கக் கூடாது அல்லவா? நான் ஒரு மெட்டியைக் காட்டி விலை கேட்டேன். கடைக்காரர் சொன்னார். வண்டிக்காரர் புத்திமதிப்படி நான் பாதியில் ஆரம்பித்தேன். அவர் தராசைக் காட்டி, "வெள்ளிக்கு எடைதாம்மா கணக்கு. கத்திரிக்காயா விக்கிறோம்?" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நங்கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பிறகு ரயில் பாதைக்குப் போனோம். மார்க்கெட் பக்கம் தண்டவாளம் தெருவையே குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். கேட் சாத்தியிருந்தது. வண்டி வரும் நேரம்தான் என்று கேட்காரர் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு ஏருக்குக் கொழு வாங்க வேண்டிய சோலி இருந்தது. "இங்கயே நில்லுங்க. நான் வாங்கிட்டு வாரேன். தண்டவாளத்தத் தாண்டி அக்கட்ட போவாதீங்க" என்று சொல்லிவிட்டு இரும்புக் கடைக்குப் போனார்.

கொஞ்ச நேரம் நின்றோம். ரயில் வந்தபாடில்லை. டவுன்காரர்கள் கேட்டுக்கு அடியில் குனிந்து குனிந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம், நல்ல நிழல். நங்கைக்கு வேர்த்து ஊற்றியது. கேட்காரர் வேண்டாம் என்றுதான் கத்தினார். எல்லாரும் போகிறார்களே, நாமும் போனால் என்ன என்று நான்தான் நங்கையைக் கூட்டிக்கொண்டு குனிந்தேன்.

நான் தண்டவாளத்தைத் தாண்டி நாலடி போயிருப்பேன். அப்போதுதான் ஊதியது. பூமி அதிர்ந்தது. அந்த மாதிரிச் சத்தத்தை நாங்கள் பிறந்ததில் இருந்து கேட்டதில்லை. வளைவில் இருந்து கறுப்பாய் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. நான் முன்னால் ஓடினேன். நங்கை பின்னால் போய்விட்டார். நடுவில் தண்டவாளத்துக்குக் குறுக்கே எங்கள் முந்தானை விறைத்துக்கொண்டு நின்றது.

நான் இழுக்கிறேன், வரவில்லை. நங்கை அசையவில்லை. அவர் ரயிலைப் பார்த்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கிறார். எஞ்சின் அந்தத் துணியைப் பிடித்து இழுத்தால் மூன்று உயிர் போகும் என்று தெரிகிறது, கை முடிச்சைத் தேடுகிறது, மாமியார் போட்ட முடிச்சு அவிழுமா? அந்த நேரம் வேப்பமரத்தடியில் மாங்காய் கீறி விற்றுக்கொண்டிருந்த ஒரு பொம்பளை, கையில் கத்தியோடு என்னை நோக்கி ஓடிவந்தாள். என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். நங்கையை நினைக்கவில்லை, ரயிலை நினைக்கவில்லை. இரண்டு கையாலும் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ திருடி, திருடி!" என்று கத்தினேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விறைத்து நின்ற சேலையில் கத்தியால் ஒரே இழு. துணி சர்ரென்று கிழிந்தது. நான் மல்லாக்க விழுந்தேன். எஞ்சின் எங்களுக்கு நடுவே புகுந்தது.

அது கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. துணி அறுந்த வேகத்தில் நங்கை எந்தப் பக்கம் விழுந்தாரோ! சக்கரங்களுக்கு நடுவே குனிந்து குனிந்து அவருடைய பச்சைச் சேலையைத் தேடினேன். ஒன்றும் பிடிபடவில்லை. மாமியாரிடம் என்ன சொல்வேன் என்றுகூட நினைக்கவில்லை. நானும் இதற்குள்ளேயே விழுந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. மாங்காய்க்காரி என் தோளை விடாமல் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

கடைசிப் பெட்டி போயிற்று. அந்தப் பக்கம் கேட்டை ஒட்டி நங்கை உட்கார்ந்திருந்தார். முடிச்சுப் போட்ட முந்தானை மடியில் கிடந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. ரயில் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் முகமெல்லாம் பூரித்து, "போயிருச்சே புள்ள! இன்னொண்ணு வருமா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவர் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தார். "அது ஊதுச்சு பாரு, அப்ப இதும் ஒதைச்சுச்சு. இத்தன நாளா ஒதைக்கவே இல்லீன்னு பயந்துட்டே கெடந்தேன்" என்றார். அந்தப் பயத்தை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாங்காய்க்காரி எங்களை மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். "ஏம்மா, மாட்டத்தான் ஜோடி போட்டுக் கட்டுவாங்க, மனுசியையுமா கட்டுவாங்க?" என்று திட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் தாலிய எவ கேட்டா?" என்றாள். கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள். உப்பும் மிளகாயும் தடவி நங்கைக்கு மாங்காய்க் கீற்றாக எடுத்து எடுத்துக் கொடுத்தாள். காசு கொடுத்தும் வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் கொழுவோடு திரும்பி வந்து, கிழிந்த சேலையோடு மாங்காய் தின்றுகொண்டிருந்த எங்களைப் பார்த்து, "ரயில் வந்துச்சா?" என்றாரே பார்க்கலாம்!

வீட்டுக்குப் போனதும் மாமியார் நங்கையின் முந்தானையைத்தான் முதலில் பார்த்தார். முடிச்சு அப்படியே இருந்தது. அதில் என் சேலையின் கிழிசல் ஒன்றும் தொங்கியது. நடந்ததைச் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் அந்த முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தார். நகத்தால் முயன்றார், பல்லால் கடித்தார், அவிழவில்லை. "நானே கொன்னிருப்பேனே" என்றார். பிறகு, "அந்தப் புண்ணியவதி பேரென்ன?" என்று கேட்டார். எங்கள் மூன்று பேரில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆவணியில் நங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு சேலத்துக்குப் போன போதெல்லாம் அந்த வேப்பமரத்தடியில் தேடினேன். அவள் கண்ணில் படவே இல்லை.

புதிதாக டவுனுக்குப் போகிறவர்கள் இப்போது என்னிடமும் யோசனை கேட்கிறார்கள். எந்தக் கடையில் என்ன வாங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்வேன். கையைப் பிடித்துக்கொண்டு போங்கள், முடிச்சு மட்டும் போடாதீர்கள் என்பேன். மனுசரை நம்பக் கூடாது என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அன்றைக்கு நான் பிடித்துக்கொண்டது என் கழுத்துத் தாலியை. நான் யாரைத் திருடி என்று கத்தினேனோ, அவள் எங்கள் வீட்டுப் பிள்ளையைப் பிழைக்க வைத்துவிட்டு, மறுபடி மாங்காய் கீறப் போய்விட்டாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை குனிந்துவிடுகிறது.