நிறுத்திய பிறகும் பேசிய கம்பி

இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. இங்கே வரும் நேரங்கள் எல்லாம் ஒரு பதிவேட்டில் நீல மையில் இருக்கின்றன. என் கண்ணால் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் டிரான்ஸ்மிட்டரின் மீட்டர் முட்களைப் பார்த்து மணிக்கு மணி குறித்து வைத்த கை அது. பயத்திலும் அது நிமிடத்தை விடவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி ஜலீலா. துனீசியாவின் தென்கரையில் ராஸ் எல் மில்ஹ் என்று ஒரு சின்ன மீன்பிடி ஊர். ஊரைத் தாண்டினால் உப்பு நிலம். அதன் நடுவே வானொலியின் ஒலிபரப்பு நிலையம். நூற்றிருபது மீட்டர் கோபுரம், சுற்றிலும் கம்பி வேலி, இரண்டு அறை, ஒரு ஜெனரேட்டர் கொட்டகை. ஒரு காலத்தில் அங்கேயே ஒருவர் உட்கார்ந்து படகுகளுக்குக் காற்றும் கடலும் எப்படி என்று வாசிப்பார். அவருக்குப் பின் இன்னொருவர் வந்தார். அவரும் போன பிறகு வேறு ஆளைப் போடவில்லை. காற்றைப் பார்க்கத்தான் எல்லோர் கையிலும் ஃபோன் வந்துவிட்டதே. தலைநகரிலிருந்து வருவதை அப்படியே வாங்கி அனுப்புவது மட்டும்தான் மிச்சம். அதற்கு ஜலீலா ஒருத்தி. காவலுக்கு பஷீர் ஒருவர்.

கடைசியில் அதற்கும் உத்தரவு வந்தது. ரமலான் பதினான்காம் நாள், பகல் பன்னிரண்டு மணிக்கு நிறுத்த வேண்டும். இனித் திறக்கக் கூடாது.

அன்று காலை அவள் தம்பி ஃபவ்ஸி துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான். அவனுடைய படகு நஜ்மா.

"என்னக்கா, உன் ரேடியோக் கிழவனுக்கு இன்னைக்கு அடக்கமாமே?"

"நோன்பு நேரத்துல வாயை நல்லா வச்சுக்கோ."

"உள்ளதைத்தானே சொன்னேன். காத்துக்கு ஃபோன், பாட்டுக்கு ஃபோன். உன் ரேடியோ என் படகுல எஞ்சினுக்குத் துணையாக் கத்திட்டிருக்கு, அவ்வளவுதான்."

"அப்போ தூக்கிக் கடல்ல போடு."

"போட்டா நோன்பு திறக்க பாங்கு யாரு சொல்லுவா? பதினஞ்சு மைல் தாண்டிட்டா ஃபோன் வெறும் கண்ணாடிச் சில்லு. சரி, இன்னைக்கு மட்டும் உன் கிழவனுக்காக வச்சிருக்கேன். போறேன்."

பன்னிரண்டு மணி. ஜலீலா நெம்புகோலைக் கீழே இழுத்தாள். முட்கள் எல்லாம் சுழியத்தில் படுத்தன. இருபத்திரண்டு வருடமாகக் காதில் இருந்த இரைச்சல் நின்றது. வெளியே, கோபுரத்தைப் பிரிக்க வந்த ஒப்பந்ததாரரின் ஆட்கள் இரண்டு பேர் எதையோ அளந்துகொண்டிருந்தார்கள். அவள் மதியத்து லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது அவர்களும் கிளம்பிப் போயிருந்தார்கள்.

ஒன்று பத்து. பஷீர் வாசலில் வந்து நின்றார்.

"ஜலீலா, அணைச்சியா இல்லையா?"

"அணைச்சு ஒரு மணி நேரமாச்சு மாமா."

"அப்போ வேலி ஏன் பேசுது?"

"சிகரெட் இல்லாம உங்களுக்குத் தலை சுத்துது."

"சிகரெட் இல்லாட்டி எனக்குக் கோபம் வரும். காதுல குரலெல்லாம் வராது. நீ வந்து கேளு."

பெரிய டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். துருப்பிடித்த கம்பி பேசும். காதை ஒட்டி வைத்தால் செய்தி கேட்கும், பாட்டு கேட்கும். பச்சைப் புல்லை ஒடித்துக் கம்பியில் தொட்டால் நுனி பொரிந்து, அந்தப் பொறியிலிருந்தே குரல் வரும். மந்திரம் இல்லை. அலையின் வேகம். ஆனால் அதற்கு டிரான்ஸ்மிட்டர் ஓட வேண்டும்.

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். நெம்புகோல் கீழே. முட்கள் சுழியத்தில்.

ஒன்று பதினேழுக்கு வேலியருகே நின்றாள். வெயில் அடித்தது. கம்பி மட்டும் ஐஸில் வைத்த மீன் போலச் சில்லென்றிருந்தது. ஒரு புல்லை ஒடித்துத் தொட்டாள். நுனி பொரியவில்லை. புகையவில்லை.

குரல் வந்தது.

ஆண் குரல். நிதானமான குரல். "கடலில் இருக்கும் படகுகளுக்கு... இன்று மாலை ஆறு நாற்பதுக்கு வடகிழக்கிலிருந்து கடுங்காற்று. அதற்குள் கரை சேருங்கள்... நஜ்மா."

பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தியது. யாரோ பதில் சொல்வதற்காகக் காத்திருப்பது போல. பிறகு, "ஸஃபீனா." மறுபடி நிறுத்தம். "வர்தா..."

ஒன்பது படகுகள். ஒன்பதும் அன்று கடலில் இருந்தவை. கடைசியில் தாளைப் புரட்டும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

பஷீர் பின்னால் நகர்ந்துகொண்டே சொன்னார். "நம்ம பழைய ஆளு குரல்தானே இது?"

"இல்லை மாமா."

இந்த நிலையத்தில் மொத்தமே இரண்டு பேர்தான் வாசித்திருக்கிறார்கள். இருவரும் இறந்துவிட்டார்கள். இருவர் குரலும் நாடாக்களில் இருந்தது. அவற்றை ஜலீலா நூறு முறை கேட்டிருக்கிறாள். இது அவர்கள் இல்லை.

ஒன்று நாற்பத்தேழு. மறுபடியும் அதே செய்தி. இரண்டு பதினேழு. இரண்டு நாற்பத்தேழு... அரை மணிக்கு ஒரு முறை, நிமிடம் பிசகாமல்.

அவள் ஃபோனில் காற்றைப் பார்த்தாள். கடல் அமைதி என்றது. படம் முழுக்க நீல நிறம். ஃபவ்ஸியைக் கூப்பிட்டாள். தொடர்பு இல்லை. துறைமுக அலுவலகத்தைக் கூப்பிட்டாள். எடுத்தவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"யாரு சொன்னாங்கன்னு எழுதிக்க? வேலிக் கம்பின்னா?"

அவள் வைத்துவிட்டாள்.

ஜலீலா பயந்தவள்தான். ஆனால் அவளை உட்காரவிடாமல் செய்தது அந்தக் குரல் இல்லை. குரல் சொன்னது நிஜமாக இருந்தால்...? படகு வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஒன்பது படகுக்கும் காது ஒன்றுதான். அந்தக் காதை அவளே பன்னிரண்டு மணிக்கு அடைத்திருந்தாள்.

திறந்தால்? உத்தரவை மீறிய குற்றம். ஓய்வூதியத்துக்கு மூன்று வருடம்தான் பாக்கி.

நான்கு பதினேழுக்கு அந்தக் குரல் நஜ்மாவை வாசிக்கவில்லை. எட்டுப் படகுதான் வாசித்தது. இதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

"மாமா, கரண்ட்டையும் வெட்டிட்டாங்க. ஜெனரேட்டரைப் போடணும்."

"பொண்ணே, வேலையோட விளையாடாத."

"என் தம்பி அங்க இருக்கான்."

பஷீர் கொட்டகைக்கு ஓடினார். பழைய ஜெனரேட்டர் முக்கியது, இருமியது, இரண்டு முறை அணைந்தது. நான்கு ஐம்பத்தொன்பதுக்குப் பிடித்துக்கொண்டது. டிரான்ஸ்மிட்டரின் வால்வுக் குழல்கள் சூடேறப் பத்து நிமிடம். ஐந்து ஒன்பதுக்கு நெம்புகோலை மேலே தள்ளினாள். முட்கள் எழுந்தன. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் நின்றன.

மூலை அறைக் கதவைத் திறந்தாள். மேசை. தூசி. மைக். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"கடலில் இருக்கும் படகுகளுக்கு," என்றாள்.

நிறுத்தினாள்.

ஹெட்போனில் அவள் குரல் கேட்டது. அதோடு இன்னொரு குரலும்.

எதிரொலி என்றுதான் நினைத்தாள். இயந்திரம் பழசு. மறுபடி வாசித்தாள். "இன்று மாலை ஆறு நாற்பதுக்கு..."

எதிரொலி பின்னால் வரும்.

இது முன்னால் வந்தது.

அவள் சொல்லப்போகும் சொல்லை, அவள் வாய் திறப்பதற்கு அரை நொடி முன்பே, அந்த ஆண் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் தடுமாறினாள். அதுவும் முன்பே தடுமாறியது. அவள் இருமினாள். அதற்கு முன்பே ஓர் இருமல்.

ஆனாலும் எட்டுப் படகையும் வாசித்தாள். நஜ்மாவையும் சேர்த்து வாசித்தாள். அதை மட்டும் அவள் தனியாக வாசித்தாள். அந்தக் குரல் வாசிக்கவில்லை.

மைக்கை அணைத்தாள்.

குரல் நிற்கவில்லை.

தாளைப் புரட்டும் சத்தம். பிறகு பெயர்கள். படகுப் பெயர்கள் இல்லை. ஆட்களின் பெயர்கள். இன்னார் பின் இன்னார் என்று, தந்தை பெயர், தாத்தா பெயரோடு. அவளுக்கு யாரையும் தெரியவில்லை. நீளமான பட்டியல். ஐந்து நாற்பது... ஐந்து ஐம்பத்தைந்து... ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அதே நிறுத்தம்.

ஆறு பன்னிரண்டுக்கு ஒரு பெயர் தெரிந்தது. இந்த நிலையத்தில் முதலில் வாசித்தவர்.

அடுத்தது இரண்டாமவர்.

"மாமா! அணைங்க! எல்லாத்தையும் அணைங்க!"

ஜெனரேட்டர் நின்றது. விளக்கு போனது. முட்கள் சுழியத்தில்.

ஹெட்போன் பேசியது.

"ஜலீலா..."

அவள் தந்தை பெயர்.

அவள் தாத்தா பெயர்.

நிறுத்தம்.

அது காத்திருந்தது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று அங்கே மட்டும் எழுதவில்லை.

ஆறு இருபத்தெட்டு. ஊர்ப் பள்ளிவாசலில் அந்தி மஃரிப் பாங்கு எழுந்தது. ஹெட்போனில் யாரோ நாற்காலியைத் தள்ளி எழும் சத்தம்.

பிறகு மௌனம்.

இருவரும் பஷீரின் மோட்டார் சைக்கிளில் துறைமுகத்துக்குப் பறந்தார்கள். ஒன்பது படகும் கட்டியிருந்தன. ஃபவ்ஸி கரையில் குந்தி, பேரீச்சம்பழமும் மோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆறு நாற்பதுக்குக் கொடிகள் சட்டென்று தென்மேற்காகத் திரும்பின. நாற்பத்தொன்றுக்குக் காற்று வந்து மோதியது. அலைதடுப்புச் சுவரின் மேல் கடல் ஏறி நின்றது. அன்று வெளியே இருந்திருந்தால் எந்தப் படகும் தேறியிருக்காது.

"எப்படிடா வந்தே?"

"நீதானே ஆளு வச்சுக் கத்தினே! யாருக்கா அந்த மனுஷன்? ஒரு மணியிலேருந்து என் படகு பேரைச் சொல்லி உயிரை வாங்கிட்டான். நாலு மணிக்கு வலையைச் சுருட்டிட்டேன். சரி, வர்றேன்யான்னு ரேடியோவைப் பார்த்துச் சொன்னேன். அதுக்கப்புறம்தான் என்னை விட்டான்."

"நான் பேசினது கேட்கலையா? அஞ்சு மணிக்கு மேல?"

"நீயா? இல்லையே."

மறுநாள் காலை ஒப்பந்ததாரரின் ஆட்கள் வந்தார்கள். ஜலீலா அவர்களோடு கோபுரத்தடிக்குப் போனாள். டிரான்ஸ்மிட்டரிலிருந்து கோபுரத்துக்குப் போகும் செப்புக் கேபிளைக் காணோம். நாற்பது மீட்டர். முந்தைய நாள் அவள் தொழுதுகொண்டிருந்த நேரத்திலேயே அறுத்து வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். கேபிள் இல்லாமல் அந்த இயந்திரத்தை ஓட்டினால் ஒரு நொடியில் தானாக அணைந்துவிடும். அவளுடையது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. முட்கள் எல்லாம் சரியாக நின்றன.

ஒரு வாரத்தில் கோபுரம் கீழே வந்தது. துண்டு துண்டாக்கி உருக்கப் போனது. வேலியையும் பிடுங்கிவிட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கதை என் காதுக்கு வந்திருக்காது.

நவம்பரில் ஜலீலா ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் நாத்தனார் மகள் கல்யாணத்தில் இருந்தாள். இரண்டு கையிலும் மருதாணி. இரவு எட்டு மணிக்கு ஃபவ்ஸி கூப்பிட்டான். பக்கத்திலிருந்த ஒரு பெண் ஃபோனை அவள் காதில் பிடித்தாள்.

"அக்கா, புயல்லேருந்து இப்பதான் கரை ஏறினோம். நல்லவேளை நீ சொன்னே. எங்கேருந்து வாசிச்சே?"

"என்னத்தைடா?"

"ரேடியோல. மூணு படகுலயும் கேட்டோம். இந்தத் தடவை நீதான்கா. உன் குரல் எனக்குத் தெரியாதா? கடைசியில என்னமோ பேரெல்லாம் வாசிச்சியே. உன் பேரையும் வாசிச்சே. அதுக்கு அடுத்ததா ஒரு பேரு... யாரு அந்த நூரத்தீன் பின் ஹமாதி பின் ஸஅத்?"

ஜனவரியில் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. நான் காபெஸ் நகரத்தில் இருக்கிறேன். அலைபேசிக் கோபுரங்களில் ஏறி இறங்கும் வேலை. படகில் ஏறியதே இல்லை. பேசிய பெண் யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. முகநூலில் என்னைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

"நூரத்தீன் பின் ஹமாதி நீங்கதானா தம்பி?"

"ஆமாம்மா."

"உங்க தாத்தா பேரு ஸஅதா?"

"இல்லையே. யூசுஃப்."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. "அப்போ நீங்க இல்லை. அல்லாஹ்வுக்கு நன்றி. தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க." வைத்துவிட்டார்.

இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. ரொட்டியைக் கீழே வைத்தாள். எழுந்து போய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யூசுஃப் உங்க அப்பாவை எடுத்து வளர்த்தவரு. பெத்தவர் பேரு எந்தத் தாள்லயும் இல்லை. அது உங்க அப்பாவுக்கே கடைசி வரைக்கும் தெரியாது. எனக்கு என் மாமியார் சாகும்போது காதுல சொன்னது..."

என் முகத்தையே பார்த்தாள்.

"ஸஅத்ங்கற பேரை உனக்கு யாருடா சொன்னா?"