எருமைப்பாறைக்கு மேலே நாலரை அங்குலம்

சனாவுல்லா பாய் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே அவசரப்பட்டுக்கொள்வேன். ஆலங்காயத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகை ஒன்றில் அவர் வண்டி பழுது பார்த்தார். ஒரு நட்டைக் கழற்றினால் அதைத் துடைத்து, ஊதி, துணிமேல் வரிசையாக வைத்த பிறகுதான் அடுத்ததில் கை வைப்பார். "பாய், அது இன்னா நட்டா, நவரத்தினமா?" என்று கத்துவேன். "தொலைஞ்சா நீதான தேடணும் ரங்கா" என்பார், தலை நிமிராமல். பாண்டுரங்கன் என்ற என் பெயரை அவர் ஒருவர்தான் அப்படிச் சுருக்குவார். இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எந்த வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்தாலும், அதன் முதல் ஓட்டத்தில் தானும் ஏறிக்கொள்வார். தான் பூட்டியதன் மேல் தானே உட்கார்ந்து வரவேண்டும் என்பது அவர் சட்டம்.

என் வண்டி, பட்டாளத்தில் கழித்து ஏலத்தில் விட்ட பிக்கப். அறுபத்தொன்றாம் வருஷம் அதில்தான் புதூர்நாட்டு மலைப் பக்கத்திலிருந்து புளியும் பலாப்பழமும் இறக்கிக்கொண்டிருந்தேன். பாதை எருமைப்பாறையோடு முடியும். அதாவது, என் வண்டிக்கு முடியும். படுத்த எருமை மாதிரிப் பாதைக்குக் குறுக்கே கிடக்கும் பாறை. முன் சக்கரங்கள் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடும். அதற்குள் வண்டியின் வயிறு பாறைமேல் உட்கார்ந்துவிடும். ஒரு தடவை கியர் பெட்டியே பிளந்து எண்ணெய் முழுக்கக் கொட்டிப்போனது. உடைத்து எடுத்துவிடலாமே என்பீர்கள். மேலே தெரிவதுதான் எருமை, அடியில் இருப்பது மலை.

பாறைக்கு ஒன்றரை மைல் மேலே ஒரு சிற்றூர். அங்கேதான் மங்கம்மாள் இருந்தாள். ஒரு காலத்தில் சந்தைக்குச் சந்தை நடந்து இறங்கி, ஆலங்காயத்தில் புளி பரப்பி விற்றவள். அவள் வாய்க்குப் பயந்து வாணியம்பாடி வியாபாரிகளே தள்ளி நின்று பேசுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன் கூடையோடு சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. எலும்பு எப்படியோ கூடிவிட்டது, ஆனால் வலது கால் ஒரு சாணுக்கு மேல் எழும்பவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு வீட்டு வாசல்தான் உலகம். அவளுடைய தம்பி சடையன் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தான்.

"தூளியில போறது கொழந்தயும் பொணமும்தான். நான் ரெண்டும் இல்ல" என்று அவள் சொல்லிவிட்டாள்.

இதைச் சடையன் ஒருநாள் கொட்டகையில் வந்து சொன்னான். வண்டி மட்டும் மேலே வந்தால் அக்கா சந்தைக்கு வந்துவிடுவாள், வேறு எதையும் அவள் கேட்கவில்லை என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஒரு பாறை என்னைத் தோற்கடித்துவிட்டது என்று பஸ்காரர்கள் வேறு கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ரோசமும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

பாய் பீடியை அணைத்தார். "பாறைய எறக்க முடியாது. வண்டிய ஏத்திடலாம்" என்றார்.

மறுநாளே என்னோடு வந்து, பாறையின் மேல் கயிறு பிடித்து, குப்புறப் படுத்து அளந்தார். நாலரை அங்குலம் தூக்கினால் வயிறு தப்பும் என்று கணக்குச் சொன்னார். இரண்டு நாள் வேலை என்றவர் எட்டு நாள் எடுத்துக்கொண்டார். முன்பக்கம், பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டைகளை வெட்டி அடுக்கில் சேர்த்தார். பின்பக்கம், ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்தார். கட்டை வைத்ததும் போல்ட்டின் நீளம் எட்டவில்லை. கொல்லன் பழனியிடம் நீளமாக அடித்து வாங்கினோம். போல்ட் எட்டியது, பிரேக் குழாய் எட்டவில்லை. அதை மாற்றினால் ஸ்டியரிங் தண்டு கோணிக்கொண்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். நான் கொட்டகைக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்து நடந்தே செருப்பைத் தேய்த்தேன். அவர் என்னடாவென்றால், பட்டைகள் கிறீச்சிடாமல் இருக்க வாணியம்பாடித் தோல்ஷாப்பிலிருந்து எருமைத்தோல் வாங்கி, கிரீஸில் ஊறவைத்து, நடுநடுவே செருகிக்கொண்டிருந்தார்.

"சபூர் ரங்கா, பொறு. மூணு வருசம் காத்திருந்தவங்க சும்மா இருக்காங்க. நீ ஏன் குதிக்கற?"

சந்தை நாளன்று விடிந்ததும் கிளம்பினோம். பாய் பின்னால் சாமான் தொட்டியில் ஏறி நின்றுகொண்டார். எருமைப்பாறையில் முன் சக்கரங்கள் ஏறின, இறங்கின. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. பின் சக்கரங்களும் இறங்கிவிட்டன. வண்டியை நிறுத்தி இறங்கி, அந்தப் பாறையை ஒரு உதை விட்டேன். வலித்தது என் காலுக்குத்தான், ஆனாலும் திருப்தி.

ஊரில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மங்கம்மாள் துவைத்த சேலை கட்டி, கோலை ஊன்றிக்கொண்டு வந்தாள். அவள் நாத்தனார் மாதம்மாள் புளிக்கூடையை ஏற்றினாள். மங்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். எட்டவில்லை. கோலை மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். மூன்றாம் தடவையும் எட்டவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. பழைய உயரத்திலேயே அவளுக்குக் கஷ்டம்தான். அதற்கு மேல் நாங்கள் நாலரை அங்குலம் வேறு தூக்கி வைத்திருந்தோம்.

மாதம்மாள் அவள் இடுப்பில் கை கொடுக்கப் போனாள்.

"தொடாத."

"அட, ரெண்டு பேரு தூக்கி உக்கார வெச்சா ஆச்சு. நேரம் ஆவுது இல்ல?" என்றேன் நான். என் வாயில் சனி.

மங்கம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மூட்டையதான் ட்ரைவரே தூக்கி வெப்பாங்க. நான் ஏறி வர்றவ."

சடையன் ஒரு பலகைக் கல்லைப் புரட்டிக்கொண்டு வந்தான்.

"இங்க ஏற நீ கல்லு போடுவ. சந்தையில எறங்க எவன் போடுவான்?" என்று கேட்டாள். கூடையை இறக்கச் சொல்லிவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள்.

அப்போதுதான் பாய் தொட்டியிலிருந்து இறங்கினார். "அம்மா, ஒரு நிமிசம்" என்றார். தட்டையான கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, "இதுல கால் வைங்க" என்றார். அவள் முறைத்தாள். பிறகு வைத்தாள். இன்னொரு கல் சேர்த்தார். வைத்தாள். அடுத்த கல்லுக்குக் கால் வரவில்லை. அதை எடுத்துவிட்டு, அடுக்கின் உயரத்துக்குத் தன் ஸ்பானரை நிறுத்தி, ஆணியால் அதில் ஒரு கோடு கீறினார்.

"அடுத்த சந்தைக்கு வர்றோம்மா" என்றார்.

"வாங்க பாய், பாப்போம்."

இறங்கும் வழி முழுக்க நான் கத்திக்கொண்டே வந்தேன். எட்டு நாள் வீண், பெட்ரோல் வீண், ஊர் முன்னால் மானம் போயிற்று என்று. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பானரில் இருந்த கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னுதுதான் ரங்கா. போல்ட்டு எட்டல, பாத்தேன். கொழாய் எட்டல, பாத்தேன். யாருக்காக வண்டிய தூக்குனோமோ அவங்க காலு எட்டுமான்னு பாக்கல."



ஸ்பிரிங் பட்டையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு இரண்டு படிகள் செய்தார். படிக்குப் படி அந்தக் கோட்டளவு. வெறுங்கால் வழுக்காமல் இருக்க மேலே தோல் தைத்தார். கதவோரம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. படி தொங்கினால் எருமைப்பாறையில் இடிக்குமே என்றேன். கீல் வைத்து மடக்கும்படி மாற்றினார். "பாறை வர்றப்ப யாரு பாய் எறங்கி மடக்கறது?" என்று கேட்டேன். "நீதான்" என்றார்.

அடுத்த சந்தை நாள். பாய் படியை இறக்கி வைத்துவிட்டு, டயரில் காற்று பார்க்கிறவர் போல அந்தப் பக்கம் திரும்பிக் குனிந்துகொண்டார். மங்கம்மாள் கம்பியைப் பிடித்தாள். ஒரு படி. நின்று மூச்சு வாங்கினாள். இரண்டாவது படி. அப்புறம் சீட். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

"கோல குடு மாதம்மா" என்றாள். பிறகு என்னிடம், "இன்னா பாத்துகினு நிக்கறீங்க? சந்தை கலைஞ்சிடப் போவுது."

ஆலங்காயத்தில் அவள் தானே இறங்கினாள். கை கொடுக்கப் போன என்னைப் பாய் சட்டையைப் பிடித்து இழுத்தார். கோலை ஊன்றிக் கூட்டத்துக்குள் போனாள். சற்று நேரத்தில் அவள் குரல் கேட்டது. யாரோ புளியைக் கிள்ளிப் பார்த்துக் குறை சொல்லி மாட்டிக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்குக் கிளம்பலாம் என்று பேச்சு. நாலு ஆயிற்று, நாலரை ஆயிற்று. ஐந்து நிமிஷம் தாமதித்தால் ஹாரனை அடித்து ஊரையே எழுப்புகிறவன் நான். பாய் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் பக்கம் என் கை போகவே இல்லை.

ஐந்து மணிக்கு வெறுங்கூடையோடு மங்கம்மாள் வந்தாள். யாரும் சொல்லாமல் நானே இறங்கிப் போய்ப் படியை இறக்கி வைத்தேன்.