கொதித்த ரேடியேட்டரும் ஒரு டின் தண்ணீரும்

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியப்பாவின் லாரியை அப்பாதான் ஓட்டினார். போடியிலிருந்து மலைத் தோட்டங்களுக்கு அரிசி, பருப்பு ஏறும். இறங்கும்போது ஏலக்காய் மூட்டை வரும். பள்ளிக்கூட லீவுக்கு என்னைத் தோட்டத்துச் சித்தி வீட்டில் விட ஒருநாள் ஏற்றிக்கொண்டார்கள். அன்றைக்குப் பெரியப்பாவும் கூட வந்தார். மதியத்துக்குள் ஏலக்காயோடு போடிக்குத் திரும்பிவிட வேண்டுமென்று அவருக்கு அவசரம்.

பாதி வளைவு ஏறுமுன் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அப்பா வண்டியை ஓரங்கட்டிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். வழக்கமாகத் தண்ணீர் பிடிக்கும் ஓடை கோடையில் வறண்டு கிடந்தது. இருந்தது ஒரு டின் தண்ணீர்தான். சாலையோரக் கட்டைச் சுவரில் என்னை உட்காரவைத்து, டின்னைப் பக்கத்தில் வைத்தார்.

"நான் கேட்டாத்தான் குடுக்கணும் ஆத்தா. சூட்டோட ஊத்துனா இஞ்சின் வெடிச்சிரும்" என்று காதோடு சொன்னார். போன வருசம் ஒரு லாரி அப்படித்தான் கெட்டது. பழி ஓட்டியவர்மேல் விழுந்து அவர் வேலை போனது.

பெரியப்பாவுக்குப் பொறுமை இல்லை. டின்னைக் கொண்டா, வெரசா ஊத்திட்டுக் கெளம்புவோம் என்றார். நான் தரவில்லை. யாராவது பெயர் கேட்டாலே அம்மா சேலைக்குள் ஒளிகிற பிள்ளை நான். அவர் கையை நீட்டிக்கொண்டு கிட்டே வரவும், டின்னைப் பள்ளத்துப் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

"தொட்டா அம்புட்டையும் கீழ ஊத்திருவேன் பெரியப்பா."

அவர் நின்றுவிட்டார். அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "நல்லா வளத்திருக்கடா பொட்டப்பிள்ளைய" என்றார். அண்ணன் முன்னால் அப்பா எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

அப்பா என்னை வைய ஆரம்பித்தார். பெரியவர்களை மதிக்காத கழுதை என்றார். கணக்கில் நான் வாங்கிய மார்க்கைச் சொன்னார், பொங்கலுக்கு உடைத்த பானையைச் சொன்னார், அம்மா வீட்டு ஆட்களையெல்லாம் இழுத்தார். பெரியப்பாவே, விட்றா, சின்னப்பிள்ளை என்றார். அதற்கும் ஓயவில்லை. நடுநடுவே போய் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்ப்பார், திரும்பி வந்து மறுபடி வைவார். நான் அழுதேன். டின்னை விடவில்லை.

ஒருவழியாக ஆவி அடங்கியது. சாக்கை மடித்துப் பிடித்து மூடியை மெல்லத் திருகினார். இஞ்சினை ஓடவிட்டு, "இப்பக் கொண்டா ஆத்தா" என்றார். கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றினார்.

டின்னைச் சாய்த்ததற்கு இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. சொன்னபடி செய்தவளைப் போட்டு வைதாரே என்ற கோபம்தான். லீவு முடிந்து அழைத்துப்போக வந்தபோதும் அவரோடு பேசவில்லை. அத்தனை வசவிலும் டின்னைக் கொடு என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.