எறும்பு ஏறாத மண்

மருதமுனையில் ஓணான் வளர்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முன்னொரு காலத்து இறைதூதர் ஒருவரை எரிக்க மூட்டிய நெருப்பை ஊதிப் பெருக்கிய பிராணி என்று சொல்லி, வேலியில் ஓணானைக் கண்டால் கல்லெடுப்பது எங்கள் ஊர்ப் பொடியன்மாரின் வழக்கம். அப்படிக் கல் பட்டு வால் நைந்துபோன ஒன்றைத்தான் சாரனில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எண்பதுகளின் தொடக்கம். உயர்தர வகுப்பில் விலங்கியல் படிக்கிறேன் என்ற திமிர் வேறு.

வாப்பாவின் பழைய தறிச் சட்டங்களை அறுத்து, கம்பிவலை அடித்து, இடுப்பளவு உயரத்தில் ஒரு பெட்டி செய்தேன். உள்ளே குரோட்டனும் மணிப்பிளாண்டும் நட்டேன். அழகுக்காக அல்ல. சிரட்டையில் தண்ணீர் வைத்தால் என் ஓணான் திரும்பியும் பார்க்காது. இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கும். இலை இருந்தால்தான் அதற்குத் தண்ணீர்.

மண்ணை வீட்டுப் பின்வளவின் மூலையிலிருந்து அள்ளினேன். அங்கே புல் முளைப்பதில்லை, எறும்பு ஏறுவதில்லை. காயத்தில் எறும்பு மொய்த்தால் பிழைக்காது என்று பயந்திருந்த எனக்கு, அதைவிடச் சுத்தமான மண் ஏது?

முதலில் குரோட்டன் இலைகளின் ஓரம் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். மணிப்பிளாண்ட் தண்டு கூழானது. வெயில்தான் காரணம் என்று பெட்டியை வேம்பின் கீழ் இழுத்து வைத்தேன். காலையில் பார்த்தால் மறுபடி இலைகள் விழுந்து கிடக்கும். வெறும் குச்சியில் தெளித்த தண்ணீர் நிற்காமல் வழிந்தது. ஓணானின் கண்கள் உள்ளே போயின. விலாத்தோல் மடிந்து தொங்கியது.

எங்கள் வீட்டுத் தறியில் நெய்துகொண்டிருந்த மாமா, உம்மாவின் தம்பி, எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"ஊரெல்லாம் இத அடிச்சா நன்மை எண்டு திரியிது. எங்கட டொக்டர் அதுக்குத் தோட்டம் போட்டு வளக்கார்!"

"சும்மா இரிங்க மாமா. தண்ணி குடிக்காமக் கிடக்கு."

"அப்ப திறந்து உடு மகன். வெளிய பொடியன்மார் கல்லோட நிக்காங்க, அவங்க பாத்துக்குவாங்க."

செத்த குரோட்டனைப் பிடுங்கினேன். வேர் பழுத்து வழுக்கிற்று. விரலில் ஒட்டிய ஈரமண்ணும் சவர்க்காரம்போல வழுக்கியது. ஓடிப்போய், வகுப்பில் செய்ததுபோலச் செவ்வரத்தைப் பூவைத் தண்ணீரில் கசக்கி, அந்தச் சிவப்புத் தண்ணீரில் மண்ணைப் போட்டேன். பச்சையாக மாறிற்று. காரம்! நூலுக்குச் சாயம் போட்டு முடித்ததும், சோடா கலந்த தொட்டித் தண்ணீரை வாப்பா வருஷக்கணக்காய் ஊற்றிவந்த மூலை அது. புல்லும் எறும்பும் ஒதுங்கிய மண்ணை நான் தேடி அள்ளியிருக்கிறேன்.

உம்மாவிடம் சொன்னேன். குசினிக்குப் பின்னால், அரிசி கழுவிய தண்ணீரில் செழித்த, சோற்றுக்கு வாசனை தரும் நீள இலை ரம்பைப் பற்றை நின்றது.

"சோத்துக்குப் போட எனக்கு இரிக்கிறது இது ஒண்டுதான்" என்று முணுமுணுத்தபடி, அடிமண்ணோடு முழுவதையும் கிண்டித் தந்தார். "கெதியாக் கொண்டு போ."

பழைய மண்ணைக் கொட்டி, பெட்டியைக் கழுவி, ரம்பையை நட்டேன். இலையின் நடுப்பள்ளத்தில் தண்ணீர் நின்றது. ஓணானை அதில் ஏற்றி வைத்தேன். நெடுநேரம் அசையவில்லை. பிறகு நாக்கு ஒருமுறை நீண்டது, இன்னொருமுறை.

"குடிக்கிது உம்மா!"

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது மறுபடி பார்த்தேன். இலையைப் பிடித்தபடியே விறைத்திருந்தது.

ரம்பை பிழைத்துக்கொண்டது. கன்றுகள் விட்டு வலையை முட்டிற்று. நெய்ச்சோறு ஆக்கும் நாள்களில் உம்மா பக்கத்து வீட்டில் ரம்பை கேட்டு வாங்குவார். பெட்டியிலிருந்து கிள்ளுங்களேன் என்றால், "அது ஓணானுக்குக் குடுத்தது மகன்" என்பார்.