நடுக்கட்டத்து மஞ்சள் துணி

நான் முதன்முதலில் வேவு பார்த்தது எங்கள் சின்னம்மாவை. அப்போது எனக்கு எட்டு வயது. அந்த வேலையைக் கொடுத்தவள் என் அம்மா. கொண்டுவரும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு சில்லுக் கருப்பட்டி கூலி. செய்தி பெரிதாக இருந்தால் சில்லும் பெரிதாக இருக்கும் என்பதை இரண்டாம் நாளே கண்டுகொண்டேன்.

நாடு சுதந்திரம் அடைந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். சாயல்குடியிலிருந்து மாட்டு வண்டியில் ஒரு மணி நேரம் போனால் எங்கள் ஊர். மழையை நம்பிக் கம்பும் மிளகாயும் போடுகிற காடு. தெற்கிலிருந்து காற்றடித்தால் வாலிநோக்கத்து உப்பு உதட்டில் கரிக்கும். வீட்டில் அய்யா, அம்மா, நான், என் இரண்டு தம்பிகள், சின்னம்மா. சின்னம்மா என் அய்யாவின் தம்பி மனைவி. சித்தப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் இரண்டு தடவைதான் ஊருக்கு வந்திருந்தார். சின்னம்மாவுக்குக் குழந்தை இல்லை.

அந்த வருடம் கார்த்திகை மழை ஓய்ந்ததும் சின்னம்மா ஒரு காரியத்தைத் தொடங்கினாள். பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு புது விரிப்பு தைக்கப் போவதாகச் சொன்னாள். கிழிந்த சேலைகளை மடித்து அடுக்கி, நாலு பக்கமும் ஓட்டித் தைத்துப் படுக்கைக்கு வைத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் சின்னம்மா கல்யாணத்துக்கு முன்பு ராமநாதபுரத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியில் தையல் படித்தவள். அவள் தைக்கப் போவது வேறு மாதிரி. அடியில் பழைய சேலைகள். மேலே சதுரம் சதுரமாக வெட்டிய பல நிறத் துணிகள்.

முதலில் உள்ளறைத் தரையில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டாள். குறுக்கே ஏழு, நெடுக்கே ஏழு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு அடையாளம் வரைந்தாள். அய்யாவுக்கு மாட்டுக் கொம்பு, அம்மாவுக்கு அகப்பை, எனக்கு ஒரு சடை. வரைவாள், தள்ளி நின்று பார்ப்பாள், ஈரத்துணியால் அழிப்பாள், மறுபடி வரைவாள்.

"ரெண்டு செவப்பு பக்கத்துப் பக்கத்துல வரக் கூடாது. கண்ணு அங்கனயே நின்னுரும்" என்று என்னிடம் சொன்னாள்.

எத்தனை தடவை அழித்து வரைந்தாலும் நட்டநடுக் கட்டத்தில் மட்டும் எதையும் வரையவில்லை.

"நடுவுல யாரு சின்னம்மா?"

"வரும், வரும். பொறு."

இந்த 'வரும், வரும்' என்பதுதான் நான் அம்மாவிடம் விற்ற முதல் செய்தி.

அம்மாவுக்குச் சந்தேகம் அதற்கு முன்பே வந்துவிட்டது. சின்னம்மா எல்லாரிடமும் உடுத்திய துணியாகப் பார்த்துக் கேட்டதுதான் காரணம். அய்யாவோடு அவள் நேராகப் பேச மாட்டாள் என்பதால் என்னை அனுப்பி அவருடைய பழைய துண்டைக் கேட்டு வாங்கினாள். அம்மாவின் பச்சைச் சுங்குடிச் சேலை, என் சிவப்புப் பாவாடை, தம்பிகளின் சட்டைகள், சித்தப்பா இடுப்பில் கட்டி விட்டுப்போன கட்டம்போட்ட சாரம், அவளுடைய ஊதாக் கண்டாங்கி என்று ஏழு பேருக்கும் ஏழு துணி சேர்ந்தது. தன் சேலை இன்னும் கிழியவில்லையே என்று அம்மா முதலில் அதற்குப் பதிலாக ஒரு புதுத் துணியை எடுத்துக் கொடுத்தபோது அவள் வாங்கவில்லை.

"கோடித்துணி வேண்டாங்க்கா. கட்டுன துணிதான் வேணும்."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. அடுப்படிக்குள் என்னை இழுத்துப் போய்க் காதோடு சொன்னாள்.

"வேர்வை பட்ட துணியா எதுக்குடி கேக்குறா? அதை வச்சு என்ன வேணாலும் செய்யலாம். அவ வயித்துல ஒண்ணும் தங்கல. நம்ம வீட்டுல மூணு கெடக்கு. நீ அவ பக்கத்துலயே இரு. என்ன செய்யுறா, யாருகூடப் பேசுறா, எல்லாத்தையும் எங்கிட்ட வந்து சொல்லணும்."

கோடித்துணி நனைந்தால் சுருங்கி, கூடத் தைத்த பழைய துணியையும் சேர்த்து இழுத்துவிடும் என்பது தையல் தெரிந்தவர்களுக்கு முதல் பாடம். இது எனக்குப் பல வருடங்கள் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். கோத்துக் கொடுத்துக்கொண்டே அவள் உதட்டைப் பார்த்தேன், ஏதாவது மந்திரம் முணுமுணுக்கிறாளா என்று. ஒருநாள் உதடு அசைந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா பெரிய சில்லாகவே கொடுத்தாள். உண்மையில் சின்னம்மா தையலை எண்ணிக்கொண்டிருந்தாள். அதுவும் எனக்குத் தெரியும். பெரிய சில்லுக்காக அதைச் சொல்லாமல் விட்டேன்.

மார்கழி பாதியில் எனக்குப் பெரிய செய்தி கிடைத்தது. சின்னம்மாவிடம் ஒரு தகரப்பெட்டி உண்டு. எப்போதும் பூட்டியே இருக்கும். ஒரு நாள் பிற்பகல் அவள் பூட்ட மறந்து ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். திறந்து பார்த்தேன். மேலே சேலைகள், அடியில் சித்தப்பாவின் கடிதங்கள், அதற்கும் அடியில் ஒரு குழந்தைக் கவுன். மஞ்சள் துணியில் பொடிப் பொடியாகச் சிவப்புப் பூக்கள். பொம்மென்று உப்பிய கை. கழுத்தைச் சுற்றி நாடா. என் சின்னத் தம்பிக்குப் போட்டால் சரியாக இருக்கும். அவனுக்கு அப்போது மூன்று வயது. முகர்ந்து பார்த்தேன். பவுடர் வாசம் லேசாக வந்தது.

எங்கள் ஊரில் பெண் குழந்தைகள் பாவாடை கட்டுவார்கள். இல்லையென்றால் அரைஞாணோடு திரிவார்கள். கவுன் போட்ட குழந்தையை நான் சாயல்குடி பஸ் நிறுத்தத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

செய்தியைக் கேட்டதும் அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டாள்.

"யாரு வீட்டுப் பிள்ளை கவுனுடி அது? எங்கன இருந்துடி எடுத்தா?"

எந்த வீட்டிலாவது கவுன் காணாமல் போயிருக்கிறதா என்று என்னைத் தெருத்தெருவாக அனுப்பினாள். எந்த வீட்டிலும் காணாமல் போகவில்லை. இதனால் சந்தேகம் குறைந்திருக்க வேண்டும். ஆனால் அம்மாவுக்கு அது இரண்டு மடங்காகிவிட்டது.

அன்றிலிருந்து சின்னத் தம்பியைச் சின்னம்மாவிடம் விடவில்லை. அவன் பிறந்து நாற்பது நாளில் அம்மாவுக்குச் சுரம் வந்து படுத்தபோது அவனைத் தூக்கி வளர்த்தவள் சின்னம்மா. அவள் மடியில் படுத்தால்தான் மத்தியானம் தூங்குவான். அம்மா அவனை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு அடுப்பு ஊதினாள். அவன் உள்ளறைப் பக்கம் கையை நீட்டி நீட்டி அழுதான். சின்னம்மா இரண்டு தடவை எழுந்து வந்தாள். இரண்டு தடவையும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தூக்கம் வருதுக்கா அவனுக்கு" என்றாள் சின்னம்மா.

"வந்தா நான் தூங்க வைக்கேன். நீ போய் ஒன் துணியப் பாரு."

 சின்னம்மா திரும்பிப் போய் ஊசியை எடுத்தாள். நான் நூல் கோத்துக் கொடுத்தேன். அன்று நூல் ஊசிக் கண்ணுக்குள் நுழைய வெகுநேரம் ஆயிற்று. 

பொங்கலுக்கு முந்தின நாள் சித்தப்பா வந்தார். கொழும்புக்குப் போக வர ஆயிரம் காகிதம் கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. மெலிந்திருந்தார். எங்களுக்கு மிட்டாயும் அம்மாவுக்குத் தேயிலையும் கொண்டுவந்தார். சின்னம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், வெந்நீர் வைத்தாள், பிறகு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடைசித் தையலைப் போட்டாள். நான் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவள் முதுகுதான் தெரிந்தது.

பொங்கலன்று முற்றத்தில் பானை பொங்கி, குலவை போட்டு, சூரியனுக்குப் படைத்து முடிந்ததும் எல்லாரும் சாப்பிட உள்ளே வந்தோம். கூடத்தின் நடுவில் சின்னம்மா விரிப்பை விரித்து வைத்திருந்தாள்.

 சாக்குக்கட்டியில் பார்த்தது ஒன்றுமே இல்லை. ஓரத்தில் ஊதாவும் கட்டம்போட்ட சாரமும், உள்ளே பச்சை, சிவப்பு, நீலம், வெள்ளை எல்லாம் படிப்படியாக நெருங்கி வந்து நடுவில் ஒரே ஒரு சதுரத்தைச் சுற்றி நின்றன. அந்தச் சதுரம் மஞ்சள். பொடிப் பொடியாகச் சிவப்புப் பூ. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏலே தம்பி, ஒக்காரு. ஒம் பொஞ்சாதி தச்சது" என்று அய்யா பெருமையாகச் சொன்னார்.

சித்தப்பா ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட நினைத்து, விரலை நீட்டி ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"இது அய்யா துண்டு. இது அம்மா சேலை. இது என் பாவாடை. இது ஒங்க சாரம். நடுவுல இருக்கது யாரோட கவுனு சித்தப்பா?"

 சின்னம்மாதான் பேசினாள். குரல் உயரவே இல்லை.

"ஒங்க சித்தப்பாவைக் கேளு. தீவாளிக்கு வெளக்குக் கண்ணாடி குடுத்து விட்டாகள்ல, ஒடையாம இருக்க அதைச் சுத்தி வந்த துணி. அவுக கையாலதான் சுத்தியிருப்பாக. அவசரத்துல என்ன துணின்னு பாக்கல போலருக்கு."

பிறகு அவள் அவரைப் பார்த்தே சொன்னாள். "வீட்டு ஆளு ஒவ்வொருத்தருக்கும் ஒரு துணி வச்சேன். ஒண்ணை மட்டும் விட்டா நல்லாயிருக்காதுல்ல."

 சித்தப்பா தூக்கிய காலை மெதுவாகத் தரையில் வைத்தார். விரிப்பின்மேல் வைக்கவில்லை. அய்யா அவரைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தனை வயசுலே?"

"மூணு, அண்ணே."

துணியின் வயதைத்தான் அய்யா கேட்கிறார் என்று நான் நினைத்தேன். மூன்று வருடம் ஆகியும் சாயம் போகாமல் இருக்கிறதே, கொழும்புத் துணி என்றால் கொழும்புத் துணிதான் என்று வியந்துகொண்டேன்.

அம்மாவின் கை என் தோளிலிருந்து இறங்கியது. அவள் இடுப்பிலிருந்த சின்னத் தம்பியை எடுத்துக்கொண்டு போய்ச் சின்னம்மாவின் மடியில் வைத்தாள். சின்னம்மா அவனுக்குப் பொங்கலை ஊதி ஊதி ஊட்டினாள். பாதி சோறு கீழே சிந்தியது. 

பொங்கல் கழிந்த நாலாம் நாள் அய்யா சித்தப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு சாயல்குடிப் பத்திர ஆபீசுக்குப் போனார். திரும்பி வந்து, ஊருணிக்குத் தெற்கே சித்தப்பா பங்குக்கு இருந்த புஞ்சையும் அதில் நிற்கிற பனைகளும் இனிமேல் சின்னம்மாவுக்கு என்றார். அன்று முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஒம் பேருல எழுதியாச்சு தாயி. யாரையும் கேக்க வேண்டியதில்ல."

மறுநாள் சித்தப்பா புறப்பட்டார். சின்னம்மா விரிப்பைச் சுருட்டிக் கயிறு கட்டி வண்டியில் வைத்தாள்.

"இது எதுக்கு?" என்றார் அவர்.

"அந்தப் பிள்ளைக்குப் போத்திவிடுங்க. அதுக்கு இங்கன யாரெல்லாம் இருக்காகன்னு தெரியட்டும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் எல்லாருடைய துணியையும் வாங்கித் தைத்துவிட்டு, எவனோ கொழும்புக் கடைப் பையனுக்கு அனுப்புகிறாளே என்று நினைத்தேன். வண்டி ஊர் எல்லைப் புளியமரத்தடியில் திரும்பும்வரை சின்னம்மா நின்றாள். பிறகு காய்ந்த மிளகாயை அள்ளப் போனாள். அவள் அதைப் பாசத்தில் கொடுத்தாளா, அவர் அங்கே நிம்மதியாகத் தூங்கக் கூடாது என்று கொடுத்தாளா என்று இந்த வயதிலும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சித்தப்பா அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை.

அன்று எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். நன்றாகத் தைத்தால் நிலம் கிடைக்கும்.

அடுத்த நாளே அரிவாள்மணையில் பெரிய தம்பியின் பொங்கல் சட்டையை வைத்து முதல் சதுரத்தை அறுத்தேன். அம்மா பார்த்துவிட்டாள். விளக்குமாறு அவள் கையில் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எதுக்குடி இதை வெட்டுன?"

"எனக்கும் புஞ்சை வேணும். சின்னம்மா மாதிரி."

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தேன். அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, "அப்படி ஒரு நெலம் ஒனக்கு வேண்டாம்டி தாயி. வேண்டவே வேண்டாம்" என்றாள்.

தம்பிகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு எனக்கு இல்லை என்று சொல்லப் பார்க்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் அம்மாவைத்தான் வேவு பார்த்துக்கொண்டிருந்தேன்.